ஒன்றரை பாயிண்ட்

போன செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கப் போன போளூர்க்காரர் ஒருவர் பால் வாங்காமலே வீடு திரும்பினார். இந்தக் கட்டுரையை எழுதுபவர் அவர்தான். ‘நான், நான்’ என்று எழுதினால் கோபம் வெளியே தெரிந்துவிடும் என்று மூன்றாம் மனிதராக ஒதுங்கி நின்று எழுதுகிறார். அப்படியும் தெரிந்தால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது இதுதான். தெருமுனையில் எதிர்வீட்டுத் தறிக்காரர் நிறுத்தினார்.

“இன்னா சார், அந்தமான் போய்ட்டு வந்தீங்களாமே. எத்தினி பாயிண்ட் கவர் பண்ணீங்க?”

போளூர்க்காரர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். பல் விளக்காத நேரத்தில் அது தோன்றவில்லை.

“ஒன்றரை.”

“ஒன்னரையா? ஆவ்லாக்கு?”

“போகலீங்க.”

“ராதாநகர் பீச்சு?”

“அது ஹாவ்லாக்லதான் இருக்கு.”

“எலிபெண்ட் பீச்சு?”

“அதுவும்.”

“பாராடங்குல சுண்ணாம்புக் குகை? சேத்து எரிமலை?”

“இல்லீங்க.”

தறிக்காரர் அந்தமான் பக்கமே போனதில்லை. அவருடைய மச்சான் போயிருக்கிறார், பதினாலு பாயிண்ட். துக்க வீட்டில் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரி வுடுங்க சார், பசங்க சின்னதுங்க, இன்னா பண்ணுவீங்க” என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டல்தான் தாங்கவில்லை. குழித்தறியில் காலை இறக்கி, ஒரே புடவைக்கு நாள் கணக்கில் உட்காரும் மனிதர் அவர். ஒரு முந்தி முடியும்வரை பக்கத்துத் தெருவைக்கூட கவர் பண்ணாதவர். அவருக்கு ஒன்றரை போதவில்லை.

உண்மையில் இந்தக் கட்டுரை நண்டைப் பற்றியது. நீல் தீவில், பரத்பூர் கடற்கரையில், ஒரு மரத்தடியில், ஏழு நண்டுகள் வரிசையில் நின்றன. அதை எழுதத்தான் போளூர்க்காரர் பேனாவை எடுத்தார். ஆனால் ‘கவர்’ விஷயத்தை முதலில் இறக்கி வைக்காவிட்டால் நண்டுக்கு இடம் இருக்காது.

கவர் என்பது நல்ல தமிழ்ச் சொல். மனத்தைக் கவர்ந்தது என்கிறோம். ஒரு மலை, ஒரு கோபுரம், ஒரு கடற்கரை நம்மைக் கவரும். நாம் பேசாமல் வாயைப் பிளந்து நிற்போம். அது ஒரு காலம். இப்போது நாம்தான் போய் இடத்தைக் கவர் பண்ணுகிறோம், ஒரு ‘பண்ணு’ சேர்ந்ததில் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிவிட்டன. இதுவும் புதிதில்லை என்று தமிழாசிரியர்கள் சொல்லலாம். வெட்சித் திணையில் ஆநிரை கவர்ந்தவர்கள் நாம். விடியுமுன் போய், பக்கத்து ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் திரும்பி வந்தவர்கள். இன்றைய ஏற்காடு டிரிப்பும் நேரக் கணக்கில் அப்படித்தான் இருக்கிறது, மாடு மட்டும் இல்லை.

பட்டியல் போட்டதில் முன்னோடி ராஜேந்திர சோழன். 1025 வாக்கில் கடல் கடந்து படை அனுப்பியவன், போன இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரிசையாக வெட்டி வைத்தான். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம் என்று போய் இலாமுரி தேசம், மாநக்கவாரம், கடாரம் என்று முடிகிறது. டஜனுக்கு மேல் பாயிண்ட். மாநக்கவாரம் என்றால் இன்றைய நிக்கோபார். அங்கே எத்தனை நாள் தங்கினார்கள், இளநீர் கிடைத்ததா, சின்னப் பையன் யாராவது கப்பலில் வாந்தி எடுத்தானா, எதுவும் கல்லில் இல்லை. டிக் மட்டும் அடித்திருக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்துத் தறிக்காரரின் மச்சான் வாட்ஸாப்பில் போட்டதும் இதே மெய்க்கீர்த்திதான்.

கோயில் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், வழியில் எட்டு லிங்கம். போளூரிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் வருஷத்துக்கு நாலு பௌர்ணமியாவது போகிறோம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கத்தில் முடிக்கும் வரை குடும்பத்தில் ஒருவராவது விரல் மடக்கிக்கொண்டே வருவார். நிருதி லிங்கத்தில் யாருக்காவது கண் கலங்கி நின்றுவிட்டால், “அப்புறம் அழுவலாம், இன்னும் நாலு இருக்குது” என்று பின்னாலிருந்து குரல் வரும். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டும் சிறப்புப் பேருந்தைக் கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024இல் தொடங்கிவிட்டது. சனி பகவானுக்கே அதில் வரையறுத்த நிமிஷங்கள்தான். ஏழரை வருஷம் தங்குகிறவரிடம் நாம் காட்டும் அவசரம் இது.

மலைவாசஸ்தலம் இன்னொரு ரகம். கொடைக்கானலில் வண்டி பேசும்போதே எட்டு பாயிண்டா, பன்னிரண்டு பாயிண்டா என்றுதான் கேட்கிறார்கள். ஏற்காட்டில் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மூன்று பாயிண்ட். மூன்றையும் கவர் பண்ணலாம். குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார ஒரு சீட் அந்த மலையில் இருக்கிறதா என்று போளூர்க்காரர் இரண்டு முறை தேடிவிட்டார். சொந்த ஜவ்வாது மலையை மட்டும் விட்டோமா? கோலப்பன் ஏரி, பீமன் அருவி, காவலூர் வானாய்வகம். ராத்திரியெல்லாம் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் இடம் அது. அதன் கேட்டில் நம் ஆட்கள் நிற்பது ஒரு செல்ஃபி நேரம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படியெல்லாம் பொரிந்து தள்ளும் போளூர்க்காரர், அந்தமான் புறப்படுவதற்கு முன் ஏ4 தாளில் அட்டவணை போட்டவர். ஸ்கேலில் கோடு இழுத்து, நேரம், இடம், ஆகும் செலவு, ‘முடிந்ததா’ என்று நாலு பத்தி. கடைசிப் பத்தியில் டிக் அடிக்கச் சிவப்புப் பேனா தனியாக எடுத்து வைத்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டு, “ஆபீஸ்லதான் ரிஜிஸ்டர் எழுதறீங்கன்னா கடலுக்குமா?” என்றார். அவருக்குப் பதில் சொல்லப்படவில்லை.

அந்தமான் ஏன் என்றால், எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகை. மற்றபடி விமானத்தில் போக உரிமையில்லாத மத்திய அரசு ஊழியரும் அந்தமானுக்கு விமானத்தில் போய்க் கணக்குக் காட்டலாம் என்ற சலுகை பல வருஷமாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. கடலின் அழைப்பு என்றெல்லாம் எழுத ஆசைதான். அழைத்தது சுற்றறிக்கை.

அரையாண்டு விடுமுறை. போளூரிலிருந்து ஆரணி வழியாகச் சென்னை, அங்கிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். இறங்கிய ஊருக்குப் போர்ட் பிளேர் என்று அட்டவணையில் எழுதியிருந்தார். 2024 செப்டம்பரில் அது ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. முதல் வேலையாக அதைத் திருத்தினார். செல்லுலார் ஜெயிலுக்குப் போனார்கள். 1906இல் கட்டி முடித்தது, ஏழு கிளைகளில் மிஞ்சி நிற்பது மூன்று. டிக். பயணத்தின் முதலும் கடைசியுமான முழு டிக் அதுதான் என்று அப்போது தெரியாது.

மறுநாள் படகில் நீல் தீவு. சின்னவன் வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து, கரை தெரிந்த பிறகு வாந்தி எடுத்தான்.

சுமார் 14 சதுர கிலோமீட்டர் தீவு, மூவாயிரம் பேர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களை 1960களில் இங்கே குடியமர்த்தினார்கள். ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்று ஊர்களுக்கு ராமாயணத்திலிருந்து பெயர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஸ்கூட்டரில் போனால் நடுவில் டீ குடிக்கத் தோன்றுவதற்குள் ஊர் முடிந்துவிடும். நெல், வாழை, பாக்கு, கத்தரி. அந்தமானுக்குக் காய்கறி அனுப்பும் தீவு இது. மனைவி ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நம்ம படவேடு மாதிரியே இருக்குங்க.” ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவரிடம் சொல்லக்கூடாத வாக்கியம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நீல் என்றால் நீலம் என்று சின்னவன் நினைத்துக்கொண்டிருந்தான். அது ஜேம்ஸ் நீல். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் தளபதி, 1857 கிளர்ச்சியில் ஊர் ஊராகத் தூக்கில் போட்டவர். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்து, பலர் சிறைக்குப் போய், கடைசியில் 1937இல் ராஜாஜி ஆட்சியில் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. சிலை போன பிறகும் தீவு அவர் பெயரிலேயே 81 வருஷம் கிடந்தது. 2018 டிசம்பர் 30 அன்றுதான் ஷஹீத் துவீப் ஆனது. தியாகிகள் தீவு. ஆட்டோக்காரர், ஓட்டல்காரர், போளூர்க்காரர் உள்பட எல்லோரும் இன்னும் நீல் என்றுதான் சொல்கிறார்கள். இதையெல்லாம் படகுத்துறையில் நின்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாலத்துக்குக் கீழே வரி வரியாக மீன் போனதால் யாரும் கேட்கவில்லை.

அட்டவணையில் நீல் தீவுக்கான முதல் வரி: மாலை 6.00, லக்ஷ்மண்பூர், சூரிய அஸ்தமனம். முன்கூட்டியே இருக்கட்டும் என்று ஐந்தரைக்கே போய்ச் சேர்ந்தார்கள். எதிரே சாரிசாரியாக ஜனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடற்கரையில் இருட்டு. ஒரு நாய்.

நம் கடிகாரம் ஓடுவது 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக் கணக்கில். போளூர் 79 டிகிரிக்குப் பக்கம், நீல் தீவு 93. வித்தியாசம் 14 டிகிரி. டிகிரிக்கு நாலு நிமிஷம் என்றால் 56 நிமிஷம். போளூரில் சம்பத்கிரி மலைப் பக்கம் சூரியன் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே, டிசம்பரில், ஐந்து மணிவாக்கில் இங்கே கடையைக் கட்டிவிடுகிறது. இந்தக் கணக்கை அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து அட்டவணையின் ஓரத்தில் போட்டார். ஏழாம் வகுப்பு படிக்கும் பெரியவள் எட்டிப் பார்த்து, “இது எங்க சோஷியல் புக்லயே இருக்குப்பா” என்றாள். ‘முடிந்ததா’ பத்தி காலியாகவே இருந்தது. இருட்டையும் கவர் பண்ணியதாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, மனசாட்சி ஒப்பவில்லை.

அந்த ராத்திரி யாரும் தூங்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி. கண் மூடும்போதும் திறக்கும்போதும் தடக் தடக் என்று காதில் விழுந்து பழக்கம். இங்கே சத்தம் என்று ஒன்று இல்லை. பதினோரு மணிக்கு மனைவி எழுந்து உட்கார்ந்தார்.

“என்னங்க, எங்கேயோ மோட்டாரை நிறுத்தாம விட்டுட்டாங்க. தண்ணி வழிஞ்சுகிட்டே இருக்கு.”

போளூர்க்காரர் காது கொடுத்துக் கேட்டார். கடல்.

“அதை நிறுத்த முடியாது, படு.”

அமைதியைத் தேடிப் போகிறவர்களைப் பற்றி இங்கே ஒரு புகார் உண்டு. இரண்டாம் நாள் மாலை கடற்கரையில் ஒரு கூட்டம் ப்ளூடூத் ஸ்பீக்கரை மணலில் நட்டு வைத்துக் குத்துப்பாட்டு போட்டது. தமிழ்ப் பாட்டு என்பதால் வெட்கம் இரட்டிப்பு. விமானம் ஏறி, படகு ஏறி, இத்தனை தூரம் வந்து எதற்கு ஸ்பீக்கர்? அதைக் கேட்க வேலூர் புது பஸ் ஸ்டாண்டு போதாதா? கேட்டே விடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அவர்கள் நிஜமாகவே வேலூர். போளூர் என்றதும் நகர்ந்து இடம் கொடுத்து, வறுத்த மீன் கொடுத்து, யார் யாருக்குச் சொந்தம் என்று பேசி, ஆரணி பஸ்ஸில் கூட்டம் அதிகமாகிவிட்டது என்பதில் ஒத்துப்போய், கடைசியில் “நீங்க எத்தனை பாயிண்ட் முடிச்சீங்க?” என்று கேட்டார்கள். பாட்டை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டது.

இப்போது நண்டு.

பிள்ளைகள் இரண்டும் தினமும் விடிந்ததும் பரத்பூருக்குத்தான் ஓடின. தங்கியிருந்த இடத்திலிருந்து நடக்கும் தூரம். அட்டவணையில் அதற்கு ஒதுக்கியது முப்பது நிமிஷம்; மூன்று நாளும் காலை முழுக்க அங்கேயே போயிற்று. கரையோர மரங்களின் நிழலில் சங்கைச் சுமந்துகொண்டு அலையும் நண்டுகள். அவற்றுக்கு வயிற்றுப் பக்கம் ஓடு கிடையாது, மெத்தென்று சுருண்டு கிடக்கும். செத்துப்போன நத்தையின் சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு அதையே வீடாக இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வளரும், வீடு வளராது. அதனால் வாழ்நாளெல்லாம் வீடு தேடும் வேலை. வாடகை வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலை பெரியவள் ஒரு பெரிய காலிச் சங்கைக் கண்டுபிடித்து மரத்தடியில் வைத்தாள். ஒரு நண்டு வந்தது. காலால் தட்டிப் பார்த்தது, வாய்க்குள் கொடுக்கை விட்டு அளந்தது. அதற்குப் பெரிது. போய்விடவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டது. இன்னொன்று வந்தது, அதுவும் அளந்தது, நின்றது. கால் மணி நேரத்தில் ஏழு. பெரிதிலிருந்து சின்னது வரை, ஒன்றின் பின் ஒன்றாக, வரிசை. யாரும் இடிக்கவில்லை.

போளூர்க்காரருக்கு உடனே புரிந்தது. இது குவார்ட்டர்ஸ் சீனியாரிட்டி லிஸ்ட். பெரிய வீட்டுக்குப் பொருத்தமான ஆள் வந்து குடியேறியதும் அவர் விட்ட வீட்டில் அடுத்தவர், அடுத்தவர் விட்டதில் அதற்கடுத்தவர் என்று ஒரே நிமிஷத்தில் மொத்த வரிசையும் ஒரு படி ஏறிவிடும். கடைசி ஆள் விட்ட ஓட்டை வீடு மட்டும் காலியாகக் கிடக்கும். விஞ்ஞானிகள் பார்த்துக் குறித்து வைத்த விஷயம் இது. ஆபீஸில் இதே காரியத்துக்கு மூன்று நகல் விண்ணப்பமும் ஒன்றரை வருஷமும் ஆகும். முதலாவது மட்டும் வர வேண்டும். இருக்கிற ஏழைவிடப் பெரிய நண்டு ஒன்று.

சின்னவன் குப்புறப் படுத்து மோவாயை மணலில் வைத்துக்கொண்டான். பெரியவள் பையிலிருந்து எதையோ எடுத்து வரைய ஆரம்பித்தாள். மனைவிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் வேருக்கு அடியிலிருந்து ஒன்று கிளம்பியது. நல்ல பெரிய உருப்படி. நிதானமாக வந்துகொண்டிருந்தது.

போளூர்க்காரர் வாட்சைப் பார்த்தார்.

அட்டவணைப்படி அன்று லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் இயற்கைப் பாலம். கடல் அரித்து வளைவாக நிற்கும் பாறை. ஹௌரா பாலம் என்று ஊர்க்காரர்கள் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். நீர் வற்றியிருக்கும்போதுதான் பாறை மேல் நடந்து அங்கே போக முடியும். பத்தரைக்கு வற்றம் என்று எழுதி வைத்திருந்தார். “எழுந்திரு, எழுந்திரு” என்று விரட்டினார். “ஒரு நிமிஷம்பா” என்றது ஒரு குரல். “அந்த நண்டு வந்துரட்டும்பா” என்றது இன்னொன்று. நண்டு எங்கேயும் ஓடாது, பாலம்தான் ஓடிவிடும் என்று அவர் சொன்னதாக வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லியிருப்பார். சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், மணலில் செருப்பு ஒன்று காணாமல்போய் அதைத் தேடப் பதினைந்து நிமிஷம், ஆட்டோவுக்குக் காத்திருந்தது இருபது.

போய்ச் சேர்ந்தபோது பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சலசலத்து ஏறிக்கொண்டிருந்தது. கடல் அட்டையும் நட்சத்திர மீனும் காட்டும் உள்ளூர் வழிகாட்டிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார், முடியாது. கடல் வற்றும் நேரம் தினமும் ஐம்பது நிமிஷம்போலத் தள்ளிப்போகும். இணையத்தில் பார்த்து எழுதியபோது மறுநாள் வரியில் கண் போயிருக்கிறது. பாலம் தூரத்தில் தெரிந்தது. இரண்டு பெரிய பாறை, நடுவில் ஓட்டை. போட்டோ எடுத்தார்கள். அதில் பாலம் சின்னவன் காதுக்குப் பின்னால் ஒரு மரு அளவுக்குத் தெரிகிறது. ஒன்றரையில் அரை என்பது இதுதான்.

மாலையில் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தார்கள். சங்கும் இல்லை, நண்டும் இல்லை. குடியேறியதா, எவனாவது சங்கைப் பொறுக்கிக்கொண்டு போனானா, தெரியாது. சங்கும் பவளமும் எடுக்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறது. திரும்பும்போது விமான நிலையச் சோதனையில் சின்னவன் பாக்கெட்டிலிருந்தே விரல் நீளப் பவளத் துண்டு ஒன்று வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, முதல் அட்டவணை. யானைக்கும் புலிக்கும் உள்ள அட்டவணை. அப்பாவின் அட்டவணையைவிட அது கடுமையானது என்று பெரியவள் சொன்னாள். சோதனை அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது, சிரித்தார்.

பால் வாங்காமல் திரும்பிய கதைக்கு மறுநாள் ஒரு வால் முளைத்தது. தறிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். வருகிற தையில் ஒரு கல்யாண ஆர்டர் முடிந்து பணம் வருகிறதாம், குடும்பத்தோடு போகலாம் என்று யோசனை. மச்சானிடம் கேட்டால் பீற்றிக்கொள்கிறான். “உங்க கிட்ட டைமிங்லாம் போட்ட பேப்பர் இருக்குதாமே சார், ஒரு ஜெராக்ஸ் குடுங்களேன்.”

கடைக்குப் போனார். ஜெராக்ஸ் போடும் பெண் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பின்னாடி ஏதோ படம் இருக்கே சார், ரெண்டு பக்கமுமா?” என்றாள். அப்போதுதான் பார்த்தார். பென்சிலில் ஏழு நண்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு. கொஞ்சம் தள்ளி, எண் போடாமல் எட்டாவது.

“முன்பக்கம் போதும்மா.”

தறிக்காரர் வாசல் வெளிச்சத்தில் நின்று தாளை மேலிருந்து கீழே படித்தார். அஸ்தமன நேரத்தைத் திருத்தியிருப்பதையும், பாலத்துக்கு எதிரே பாதி டிக் இருப்பதையும் பாவு நூலில் முடிச்சுத் தேடுகிற கண்ணோடு பார்த்தார். விரல் ஒரு வரியில் நின்றது.

“பரத்பூர், அரை மணின்னு போட்டுகிறீங்க. டிக்கே இல்ல. அத்தயும் கவர் பண்லியா சார்?”